பழைய ஒற்றைத் தோட்டா .22 ரைஃபிள் மக்கர் செய்கிறதா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

ஸ்டீவன்ஸ் ஃபேவரிட், ஸ்டீவன்ஸ் கிராக்ஷாட், ரெமிங்டன் நம்பர் 4 ரோலிங் பிளாக், வின்செஸ்டர் 1902, பின்னால் வந்த வின்செஸ்டர் 67, ரெமிங்டன் 510. எல்லாம் ஒரே வகையறா. ஒரு தோட்டாவைப் போட்டுச் சுட வேண்டும், காலிக் கூட்டை (சுட்டபின் மிஞ்சும் உலோகக் குப்பியை) எடுத்துவிட்டு அடுத்ததைப் போட வேண்டும். அமெரிக்காவில் பையன்களின் முதல் துப்பாக்கியாக மலிவு விலையில் விற்றவை இவை. பையன்கள் கையில் வளர்ந்த சாமான் எப்படி இருக்குமோ அப்படித்தான் நம்மிடம் வந்து சேரும். கொட்டகையில் கிடந்திருக்கும், மழையில் நனைந்திருக்கும், யாரோ சமையலறைக் கத்தியை வைத்துத் திருகைத் திருப்பியிருப்பார்கள்.

என் மேசைக்கு "உடைந்துபோனது" என்று வந்தவற்றில் பெரும்பாலானவை உடையவில்லை. அழுக்கு, காய்ந்த எண்ணெய், தவறான தோட்டா, தளர்ந்த திருகு, இவைதான். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். அந்த வரிசையைத் தாண்டிக் குதிக்காதீர்கள். நான் குதித்து வாங்கிய உதிரிகள் ஒரு இழுப்பறை நிறைய இருக்கின்றன.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

பிரீச்சை (பேரலின் பின்வாயை) திறந்து, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணால் பாருங்கள். பிறகு பேரலுக்குள் (குழலுக்குள்) ஒரு ராடை (சுத்தம் செய்யும் கம்பியை) விடுங்கள், மறுபக்கம் வரவேண்டும். வரவில்லை என்றால் உள்ளே ஈயக் குண்டு சிக்கியிருக்கிறது. அதை எடுக்காமல் எந்தச் சோதனையும் வேண்டாம், இன்னொரு தோட்டாவால் சுட்டுத் தள்ளலாம் என்ற எண்ணம் அறவே வேண்டாம். எண்ணெய் விட்டு ஊறவைத்து, பேரல் துளைக்குச் சரியாகப் பொருந்தும் பித்தளைக் கம்பியால் தட்டி எடுக்க வேண்டும்.

அடுத்து, பேரலின் மேல் என்ன பொறித்திருக்கிறது என்று படியுங்கள். .22 என்பது ஒரே தோட்டா அல்ல. .22 ஷார்ட் 1857லேயே வந்துவிட்டது. லாங் ரைஃபிள் 1887இல் வந்தது. .22 டபிள்யூ.ஆர்.எஃப். (வின்செஸ்டர் ரிம்ஃபயர்; ரிம்ஃபயர் என்றால் விளிம்பில் அடித்தால் வெடிக்கும் தோட்டா) இரண்டையும் விடத் தடிமனான கூடு கொண்டது. ஃபேவரிட் .25 ஸ்டீவன்ஸிலும் .32 ரிம்ஃபயரிலும்கூட வந்தது. டபிள்யூ.ஆர்.எஃப். சேம்பரில் லாங் ரைஃபிள் தோட்டா தொளதொளவென்று போய் உட்காரும், வெடிக்கவும் வெடிக்கும். ஆனால் கூடு உப்பி, சில சமயம் பிளந்து வரும். பாதிக் குழப்பம் இந்த ஒரு வரியைப் படித்தாலே தீர்ந்துவிடும்.

கடைசியாகத் தோட்டா. சோதிக்கும்போதும் சரி, அதற்குப் பிறகும் சரி, ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி (சாதாரண வேகத் தோட்டா) மட்டும். அதிவேக .22 தோட்டாக்கள் 1930 வாக்கில்தான் சந்தைக்கு வந்தன. அதற்கு முன் செய்த ஃபேவரிட்டின் மென்மையான இரும்புச் சட்டம் அவற்றை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதல்ல.

கையில் இருக்க வேண்டியவை: நல்ல வெளிச்சம், பூதக்கண்ணாடி, பல்குச்சி, .22 வெண்கல பிரஷ், வெர்னியர், திருகின் பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவர் முனைகள். கடைசியாகச் சொன்னது இல்லையென்றால் எதையும் கழற்ற வேண்டாம்.

## அறிகுறி: விசையை இழுத்தால் "டிக்", வெடிக்கவில்லை

பேரல் வாயைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து 30 வினாடி காத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாக்கள் உண்டு. பிறகு முகத்தை விலக்கிக்கொண்டு திறந்து தோட்டாவை எடுங்கள். அதன் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். இனி வழி மூன்றாகப் பிரிகிறது.

### விளிம்பில் தடமே இல்லை

போல்ட் (பின்னால் இழுத்துத் திறக்கும் பூட்டுத் தண்டு) உள்ள ரகமாக இருந்தால் முதல் கேள்வி: பின்னால் இருக்கும் குமிழை இழுத்துவிட்டீர்களா? வின்செஸ்டர் 67 போன்றவற்றில் போல்ட்டை மூடினால் மட்டும் போதாது, குமிழைத் தனியாகப் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். சிரிக்காதீர்கள். என் நண்பர் ஒருவர் இதற்காக ரைஃபிளைப் பெட்டியில் போட்டுப் பூட்டிக் கொண்டுவந்தார். நானும் ஒரு தடவை, யாரும் பார்க்காதபோது, இதே தப்பைச் செய்திருக்கிறேன்.

இழுத்துவிட்டும் தடம் இல்லை என்றால் ஃபயரிங் பின் (தோட்டாவின் விளிம்பை அடிக்கும் ஊசி) உடைந்திருக்கிறது, அல்லது காய்ந்த கிரீஸில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போல்ட்டை வெளியே எடுங்கள். இந்த வகை ரைஃபிள்கள் பலவற்றில் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு போல்ட்டைப் பின்னால் இழுத்தால் வந்துவிடும். ஃபயரிங் பின் தன் பள்ளத்தில் தாராளமாக முன்பின் நகர வேண்டும். நகரவில்லை என்றால் மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறட்டும். உடைந்திருந்தால் புதிய பின் வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. 67க்கும் ஃபேவரிட்டுக்கும் புதிதாகச் செய்த பின்கள் கிடைக்கின்றன. அரிய ரகங்களுக்கு ஆள் வைத்துத்தான் செய்யவேண்டும்.

### தடம் இருக்கிறது, ஆனால் மேலோட்டமாக

இங்கேதான் ஆட்கள் அவசரப்பட்டு ஸ்பிரிங் வாங்குகிறார்கள். இந்த வரிசையில் போங்கள்:

1. சுடும் இடத்திலேயே அதே தோட்டாவை அரைவட்டம் திருப்பிப் போட்டு மறுபடி அடியுங்கள். வெடித்தால் தோட்டாவின் மீதும் சந்தேகம் உண்டு. ரிம்ஃபயரில் வெடிமருந்துப் பூச்சு விளிம்புக்குள் சுற்றி இருக்கும், அது எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருக்காது. வேறு தயாரிப்பில் பத்துத் தோட்டா போட்டுப் பாருங்கள்.

2. திருப்பாமலேயே இரண்டாவது அடியில் ஒழுங்காக வெடிக்கிறதா? அப்படியானால் சேம்பர் வாயில் அழுக்கு. முதல் அடி தோட்டாவை உள்ளே தள்ளுவதிலேயே தன் பலத்தைச் செலவழித்துவிடுகிறது, இரண்டாவது அடிதான் அடியாகிறது. பல்குச்சியால் விளிம்பு உட்காரும் பள்ளத்தைச் சுற்றிச் சுரண்டுங்கள். கருப்பாக மெழுகு மாதிரி வரும்.

3. போல்ட்டை அல்லது ஹாமர் (பின்னை அடிக்கும் சுத்தியல்) பகுதியைக் கழுவுங்கள். அரை நூற்றாண்டு எண்ணெய் காய்ந்து அரக்கு மாதிரி ஆகியிருக்கும். கழுவி, காயவைத்து, மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. குளிர்காலத்தில் மட்டும் தவறும் ரைஃபிளுக்குக் கிட்டத்தட்ட எப்போதும் இதுதான் காரணம்.

4. ஃபயரிங் பின்னின் முனை. கூர்மையாக இருக்கவேண்டியதில்லை, ஆனால் தேய்ந்து உருண்டிருக்கக் கூடாது.

5. இதற்கெல்லாம் பிறகுதான் ஸ்பிரிங். பழையதை இழுத்து நீட்டாதீர்கள், சில வாரம் வேலை செய்வதுபோல் ஏமாற்றிவிட்டுத் திரும்பவும் சோர்ந்துவிடும். புதியது விலை குறைவுதான்.

6. கடைசியாக, பிரீச் பிளாக்குக்கும் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் கட்டிக்கும்) தோட்டாவுக்கும் இடையே உள்ள இடைவெளி. இதை வீட்டில் தோராயமாகப் பார்க்கலாம். காலிக் கூட்டின் அடியில் செல்லோடேப்பை வட்டமாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போங்கள். மூடும்போது லேசாகத் தடை தட்டும் இடத்தில் நிறுத்தி, விளிம்பையும் டேப்பையும் சேர்த்து வெர்னியரில் அளங்கள். நினைவில் வைக்கவேண்டிய எண் 0.043 அங்குலம். அதை விட அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு கூடினாலே இது உங்கள் மேசையில் தீரும் வேலை இல்லை.

மூன்றாவது படியை நானே தாண்டியிருக்கிறேன். ஒரு 510 பத்துக்கு நான்கு தடவை தவறியது. ஸ்பிரிங் வரவழைத்தேன், வர மூன்று வாரம். பழையதைக் கழற்றும்போது போல்ட்டுக்குள்ளிருந்து வந்த கிரீஸைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. கழுவிப் பழைய ஸ்பிரிங்கையே போட்டேன், இன்றுவரை ஓடுகிறது. புதியது இன்னும் உறை பிரிக்காமல் கிடக்கிறது.

### தடம் விளிம்பை விட்டு உள்ளே தள்ளி விழுந்திருக்கிறது

நடுவில் எவ்வளவு ஆழமாகக் குத்தினாலும் ரிம்ஃபயர் வெடிக்காது. பின் வளைந்திருக்கிறதா பாருங்கள். பின் நேராக இருந்தால், பிளாக் தன் இடத்தை விட்டுக் கீழே தொங்குகிறது என்று பொருள். கீழே "லீவரோ பிளாக்கோ ஆடுகிறது" என்ற தலைப்புக்குப் போங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: ஃபயரிங் பின் வெளிவரும் துளை தேய்ந்து முட்டை வடிவாகியிருந்தால், அல்லது டேப் கணக்கு மிஞ்சிப்போனால்.

ஓர் எச்சரிக்கை. ஸ்பிரிங்கைச் சோதிக்கிறேன் என்று காலி சேம்பரில் விசையை இழுத்து இழுத்துப் பார்க்காதீர்கள். ஃபயரிங் பின் நேராகச் சேம்பர் விளிம்பை அடித்துப் பள்ளமாக்கும். சுவரில் திருகு போட உதவும் மஞ்சள் பிளாஸ்டிக் ராவல் பிளக் ஒன்றைச் சேம்பரில் போட்டுவிட்டு இழுங்கள். எளிதாக நுழைந்து எளிதாக வெளிவரும் அளவு பார்த்து எடுக்க வேண்டும். ஒரு முனையில் அடி வாங்கியதும் திருப்பிப் போடலாம், நைந்தால் எறிந்துவிடலாம்.

## அறிகுறி: சுட்ட கூடு வெளியே வர மறுக்கிறது

இந்த அறிகுறியில் ரைஃபிளைவிடக் கூடுதான் அதிகம் பேசும். சிக்கிய கூட்டைப் பேரல் வாய் வழியாக ராடு விட்டு மெதுவாகத் தள்ளுங்கள். லேசாகத் தொட்டதும் வந்துவிட்டால் குற்றவாளி எக்ஸ்ட்ராக்டர், அதாவது கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி. தட்டித் தட்டித்தான் வருகிறது என்றால் சேம்பர்.

### லேசாக வருகிறது: எக்ஸ்ட்ராக்டர்

கொக்கிக்கு அடியில் இருக்கும் அழுக்கைப் பல்குச்சியால் எடுங்கள். கொக்கி தன் இடத்தில் அசைகிறதா, அதன் நுனியில் மூலை கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். நுனி உருண்டு போயிருந்தால் கூட்டின் விளிம்பில் சின்னக் கீறலைப் போட்டுவிட்டு நழுவும். நுனியைத் தீட்டலாம். ஆனால் ஒரு தடவைதான் தீட்ட முடியும், அதற்கு மேல் நீளம் போதாது. புதிய கொக்கி வாங்கினால் அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொன்றையும் கையால் அராவிப் பொருத்தினார்கள். அராவ வேண்டியது புதிய உதிரியை, ரைஃபிளை அல்ல.

### தட்டினால்தான் வருகிறது: சேம்பர்

கூட்டைச் சுழற்றிப் பாருங்கள்.

*கூட்டின் வாய்ப் பக்கம் வளையமாகக் கருமை, உடலில் கீறல் இல்லை.* முன்பு இருந்தவர் .22 ஷார்ட் நிறையச் சுட்டிருக்கிறார். ஷார்ட் கூடு குட்டையானது. அதற்கு முன்னால் மிச்சமிருக்கும் சேம்பரில் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். அதன்மேல் லாங் ரைஃபிள் கூடு விரிந்தால் பிடித்துக்கொள்ளும். சுத்தம் செய்யும் திரவத்தில் நனைத்த வெண்கல பிரஷைச் சேம்பருக்குள் விட்டு, கையால் சுழற்றுங்கள். ஓர் இரவு ஊறவிட்டு மறுபடி சுழற்றுங்கள். மூன்று நாள்கூட ஆகலாம். டிரில் மெஷினில் மாட்டாதீர்கள். சுடுவதற்கு முன் சேம்பரை உலர்த்துங்கள். எண்ணெய் வழுக்கும் சேம்பரில் கூடு சுவரைப் பிடிக்காது, பிளாக்கின்மேல் அதிக வேகத்தில் மோதும்.

*உடலில் நீளவாக்கில் ஒரு கீறல், எப்போதும் பின் அடிக்கும் இடத்துக்கு நேராக.* காலியாக இழுத்து இழுத்துச் சேம்பர் விளிம்பு அடிபட்டு, உலோகம் உள்ளே பிதுங்கியிருக்கிறது. பஞ்சு சுற்றிய குச்சியை அந்த இடத்தில் விட்டு இழுத்தால் பஞ்சு மாட்டும். இதற்கென்றே சேம்பர் அயர்ன் என்று ஒரு கருவி உண்டு. கூம்பான கடின எஃகுத் துண்டு, உள்ளே விட்டு அழுத்தினால் பிதுங்கிய உலோகத்தை வெட்டாமல் திரும்பத் தன் இடத்துக்கே தள்ளிவிடும். உலோகம் திரும்ப வருவதால் பின்னுக்கு எதிர்ப்பலகையும் கிடைக்கிறது, அதனால் "டிக்" நோயும் சேர்ந்து குறையும். ஒரே வேலையில் இரண்டு பழுது தீர்வது இந்தத் தொழிலில் அபூர்வம்.

அரம் மட்டும் எடுக்காதீர்கள். நான் ஆரம்பக் காலத்தில் ஊசி அரத்தை விட்டுப் பிசிறை அராவினேன். பிசிறு போனது, கூடவே சேம்பர் சுவரும் ஒரு மயிரிழை போனது. அதற்குப் பிறகு அந்த கிராக்ஷாட்டில் வந்த ஒவ்வொரு கூட்டிலும் அந்த இடத்தில் ஒரு சின்னத் தொப்பை. நான் கட்டிய படிப்புக் கட்டணம் அது.

*உடல் முழுக்கச் சொரசொரப்பு, புள்ளி புள்ளியாக.* சேம்பர் துருவால் அரிக்கப்பட்டிருக்கிறது. 1920களின் பிற்பகுதி வரை தோட்டாக்களின் பற்றவைப்புக் கலவையில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது ஒருவித உப்பாக மிஞ்சும், அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். அதனால் அந்தக் காலத்து ரைஃபிள் வாங்கும்போது பேரலைவிட முதலில் சேம்பரைப் பாருங்கள். லேசான அரிப்பென்றால் அடிக்கடி துடைத்துக்கொண்டு சுடலாம். ஆழமாக இருந்தால் குழலுக்குள் புதிய உள்குழல் பொருத்தும் வேலைதான் மருந்து, அது தொழில்காரர் வேலை.

*ஒரே சீராக உப்பியிருக்கிறது, பிளந்துமிருக்கிறது.* நிறுத்துங்கள். சேம்பர் டபிள்யூ.ஆர்.எஃப். ஆக இருக்கலாம், அல்லது அதை யாரோ துளைத்து அகலமாக்கியிருக்கிறார்கள். பேரல் எழுத்தைத் திரும்பப் படியுங்கள்.

## அறிகுறி: சுடும்போது முகத்தில் சுடுகாற்றோ துகளோ அடிக்கிறது

இங்கே எளிய காரணம், செலவுள்ள காரணம் என்று வரிசை கிடையாது. சுடுவதை நிறுத்துங்கள். கண்ணாடி போடாமல் சுட்டுக்கொண்டிருந்தீர்கள் என்றால் அதை முதலில் மாற்றுங்கள்.

பிறகு அந்தக் கூட்டைப் பாருங்கள். விளிம்பு வெடித்திருக்கிறதா, பின் அடித்த இடத்தில் ஓட்டை விழுந்திருக்கிறதா? ஓட்டை மட்டும் என்றால் பின் முனை ரம்பம் மாதிரிக் கூர்மையாகியிருக்கும், வழவழப்பாக்கினால் போதும். விளிம்பு வெடித்திருந்தால் தோட்டாவை மாற்றி, ஸ்டாண்டர்ட் வெலாசிட்டியில் ஒரே ஒரு தடவை, ரைஃபிளைத் தாங்கியில் கட்டி, தூரத்திலிருந்து கயிறு இழுத்துச் சோதிக்கலாம். மறுபடி வெடித்தால் இடைவெளி அதிகமாகியிருக்கிறது. நேராகத் துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

## அறிகுறி: ஹாமர் நிற்கவில்லை, தானாக விழுகிறது

காலி ரைஃபிளில், ராவல் பிளக் போட்டு, ஹாமரை முழுதாக இழுத்து நிறுத்துங்கள். கட்டை விரலால் பின்னாலிருந்து நன்றாகத் தள்ளுங்கள். விழக் கூடாது. பிறகு ரைஃபிளின் மரக்கட்டை அடியை ரப்பர் விரிப்பின்மேல் லேசாகத் தட்டுங்கள். அப்போதும் விழக் கூடாது. பாதி இழுப்பில் நிறுத்தி விசையை அழுத்துங்கள், அதற்கும் விழக் கூடாது.

மூன்றில் எதில் தோற்றாலும் ஒரே ஒரு காரணத்தை மட்டும் நீங்கள் பார்க்கலாம்: விசைப் பள்ளத்தில் அழுக்கு உறைந்து, நுனி முழுதாக உட்காராமல் இருக்கலாம். கழுவிவிட்டு மூன்று சோதனையும் மறுபடி. சரியாகவில்லை என்றால் ஹாமரின் பள்ளமோ விசையின் நுனியோ தேய்ந்துவிட்டது, அல்லது யாரோ விசையை லேசாக்குகிறேன் என்று தீட்டிவிட்டார்கள். அந்த முகப்புகளில் கடினமாக்கிய தோல் மெல்லியதாகத்தான் இருக்கும். அதைத் தாண்டித் தீட்டினால் உள்ளே மென்மையான இரும்பு, மாதத்தில் தேயும். இதை நான் தொடுவதில்லை. நீங்களும் தொடாதீர்கள்.

## அறிகுறி: குண்டு ஓரிடத்தில் விழாமல் சிதறுகிறது

### நேற்று நன்றாக இருந்தது, இன்று சிதறுகிறது

கழற்றுத் திருகு. இந்த ரைஃபிள்களில் பல, பேரலைக் கையால் கழற்றிப் பையில் வைக்கும் வசதியோடு வந்தவை. ஃபேவரிட்டின் அடியில் இருக்கும் அந்த வளையத் திருகு ஒரு கால் சுற்று தளர்ந்தால் போதும், குண்டுகள் ஊர் சுற்றக் கிளம்பிவிடும். வின்செஸ்டர் 67இல் கட்டையையும் இரும்பையும் பிடிப்பது அடியில் உள்ள ஒரே திருகு. அதை எவ்வளவு இறுக்குகிறீர்களோ அதற்கேற்பக் குண்டு விழும் இடமே மாறும். ஒவ்வொரு தடவையும் ஒரே இறுக்கம். பிளவு எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் போதும்.

இறுக்கியும் பேரல் ஆடினால், பேரல் தண்டும் சட்டத் துளையும் தேய்ந்திருக்கின்றன. தற்காலிகமாக மெல்லிய பித்தளைத் தகடு சுற்றிச் சிலர் சமாளிக்கிறார்கள். எக்ஸ்ட்ராக்டர் இடிக்காதவரை பரவாயில்லை, எனக்குப் பிடிக்காது.

அடுத்து, குறி பார்க்கும் முனைகள். பின்பக்கத்தில் உள்ளதை விரலால் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் விஷயம் முடிந்தது.

### எப்போதும் சிதறுகிறது, துளைகள் வட்டமாக இருக்கின்றன

தோட்டாவை மாற்றுங்கள். நாலைந்து தயாரிப்பு போட்டுப் பாருங்கள். ஒரே ரைஃபிளில் ஒன்று கைப்பிடி அளவுக்கும் இன்னொன்று தட்டு அளவுக்கும் சிதறுவது இயல்பு.

பிறகு பேரலுக்குள் ஈயப்படிவு. தேய்ந்த பிரஷில் சுத்தமான தாமிர நார் சில இழைகள் சுற்றித் தேயுங்கள், ஈயம் வெள்ளிச் சிம்பாக வரும். நாரைக் காந்தத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது முலாம் பூசிய எஃகு, தூக்கிப் போடுங்கள்.

பிறகு பேரல் வாய். பிளாக் பின்னால் மறைப்பதால் பல ஒற்றைத் தோட்டா ரைஃபிள்களைப் பேரல் வாய் பக்கமிருந்தே சுத்தம் செய்தார்கள். மணல் ஒட்டிய ராடு வருடக்கணக்கில் உரசி, வாயில் ரைஃப்லிங் (பேரலுக்குள் வெட்டிய சுருள் வரிகள்) மறைந்துபோயிருக்கும். தோட்டாவை வெளிப்பக்கமிருந்து பேரல் வாயில் வைத்துப் பார்க்கும் பழைய வழி பாதுகாப்பானதல்ல. பூதக்கண்ணாடியே போதும். வரிகள் ஓரம் வரை கூர்மையாகத் தெரிய வேண்டும். வாயைக் கடைந்து புதுப்பிப்பது பழுது பார்ப்பவருக்குச் சின்ன வேலை, பலன் பெரியது.

இறுக்கமான துணித்துண்டை ராடில் வைத்து மெதுவாகத் தள்ளுங்கள். நடுவில் ஓரிடத்தில் சட்டென்று தளர்ந்து மறுபடி இறுகினால் அங்கே பேரல் உப்பியிருக்கிறது. என்றோ ஒருநாள் சிக்கிய குண்டின்மேல் இன்னொன்றைச் சுட்டதன் அடையாளம். வெளிச்சத்தில் பார்த்தால் கருவளையம் தெரியும். வெளியே தடவினால் தெரியாத அளவு உப்பல் என்றால் சில ரைஃபிள்கள் அதோடு நன்றாகவே சுடும். வெளியே விரலுக்கே தட்டுப்பட்டால் சுட வேண்டாம்.

### காகிதத்தில் துளை நீளவாக்கில் விழுகிறது

குண்டு தலைகுப்புறப் புரண்டு போகிறது. ரைஃப்லிங் முழுதாகத் தேய்ந்திருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு: பேரல் ஷார்ட்டுக்காகச் செய்தது. லாங் ரைஃபிளுக்கு வழக்கமான முறுக்கு 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஷார்ட்டுக்கு மட்டும் செய்த பேரல்களில் அது 20 அங்குலமோ அதற்கு மேலோ இருக்கும். அந்த மெதுவான முறுக்கு நீளமான குண்டைச் சுழற்றி நிறுத்தப் போதாது. முறுக்கை அளப்பது எளிது. இறுக்கமான துணியோடு ராடு சுழன்றுகொண்டே போகும்போது, ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை அங்குலம் நகர்ந்தது என்று குறியுங்கள். ஷார்ட் பேரல் என்று தெரிந்தால் ஷார்ட் வாங்கிச் சுடுங்கள், அவ்வளவுதான். தேய்ந்த பேரல் என்றால் உள்குழல் போடவேண்டும். அதற்கு ஆகும் செலவு பல நேரம் ரைஃபிளின் விலையைத் தாண்டும்.

## அறிகுறி: லீவரோ பிளாக்கோ ஆடுகிறது

திறந்திருக்கும்போது ஆடினால் கவலை வேண்டாம், எல்லாம் ஆடும். மூடிய நிலையில் பிளாக்கை முன்பின் விரலால் அசைத்துப் பாருங்கள்.

ஃபேவரிட்டில் லீவரும் (பிளாக்கைத் திறந்து மூடும் கைப்பிடி) பிளாக்கும் சுழல்வது குறுக்கே போகும் திருகுகளின்மேல். திருகு தேய்வதற்கும் துளை தேய்வதற்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். புதிய திருகுகளை வாங்கிப் போட்டுப் பாருங்கள். பாதி ஆட்டம் போய்விட்டால் நல்லது. துளையே முட்டையாகியிருந்தால் அதைப் பெரிதாக்கித் தடித்த திருகு போட வேண்டும், அதைச் சரியான கோணத்தில் செய்யக் கடைசல் அனுபவம் வேண்டும்.

சுட்டதும் லீவர் தானாகத் திறந்தாலோ, ஹாமரை இழுக்கும்போது பிளாக் இறங்கினாலோ, அன்றோடு சுடுவது முடிந்தது.

ரோலிங் பிளாக்கில் ஹாமர் முன்னால் வரும்போதுதான் பிளாக்கைப் பூட்டுகிறது. ஹாமரை இழுத்த நிலையில் பிளாக் கொஞ்சம் ஆடுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஹாமர் விழுந்த நிலையில் ஆடினால்தான் கேள்வி.

## அறிகுறி: திருகு அசையவே இல்லை

ஊடுருவும் எண்ணெய், ஓர் இரவு, மறுநாள் சூடான சால்டரிங் இரும்பைத் திருகுத் தலையில் ஐந்து நிமிடம், ஆறியதும் மறுபடி எண்ணெய். நான்கு நாள் பொறுத்தால் பெரும்பாலானவை வரும். பிளவு நைந்துவிட்டால் மேற்கொண்டு திருப்பாதீர்கள். நைந்த பிளவைப் பார்த்த மாத்திரத்தில் வாங்க வருபவர் விலையைக் குறைப்பார், அதில் நியாயமும் இருக்கிறது.

## அறிகுறி: செந்துரு பரவுகிறது

உப்புக் காகிதத்தை எடுக்காதீர்கள். கழற்றி, எண்ணெய்ப் பசை போகக் கழுவி, சுத்தமான தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்கவிட்டால் செந்துரு கருந்துருவாக மாறும். மெல்லிய எஃகுக் கம்பளியால் லேசாகத் துடைத்து எண்ணெய் பூசுங்கள். பழைய நிறம் அப்படியே நிற்கும். பளபளக்கும் புதிய நீலப்பூச்சு போட்ட ஃபேவரிட்டைச் சேகரிப்பவர்கள் யாரும் விரும்புவதில்லை.

## எதற்கும் சரியாகவில்லை என்றால்

பழுது பார்ப்பவரிடம் போகும்போது சுட்ட கூடுகள் ஐந்தையும், வெடிக்காத தோட்டாக்களை எந்த நிலையில் போட்டீர்கள் என்ற குறிப்பையும் கொண்டுபோங்கள். பாதி வேலை அவருக்கு அங்கேயே முடிந்துவிடும். முதலில் மதிப்பீடு மட்டும் கேளுங்கள். 1968க்கு முன் அமெரிக்காவில் செய்த .22களில் பலவற்றுக்கு வரிசை எண்ணே கிடையாது, அதனால் கொடுக்கும்போது அடையாளத்துக்கு நாலு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பீடு ரைஃபிளின் விலையைத் தாண்டினால் என்ன செய்வது என்பது உங்கள் விருப்பம். என்னிடம் ஒரு ஹாமில்டன் நம்பர் 27 இருக்கிறது. சாமான் விற்றுக் கொடுத்த பையன்களுக்குப் பரிசாகத் தந்த ரகம், தகட்டை வளைத்துச் செய்தது. பேரலின் உள்குழல் தளர்ந்துவிட்டது, பிளாக் ஆடுகிறது, கட்டையில் யாரோ ஒரு பையன் தன் பெயரின் முதல் எழுத்தைக் கத்தியால் செதுக்கியிருக்கிறான். அதைச் சரிசெய்ய ஆகும் பணத்தில் நன்றாகச் சுடும் 67 ஒன்று வாங்கலாம். வாங்கினேன். ஹாமில்டனின் பின்னைக் கழற்றித் தனி உறையில் போட்டு, ரைஃபிளைச் சுவரில் மாட்டிவிட்டேன்.